அத்தாவின் முக்காலி

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனியாக ஒரு வாழ்க்கை நடத்துகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா? தொலைபேசியில் கூப்பிட்டால், "கையெல்லாம் பெயின்ட், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் மூன்று வருடமாக வரவில்லை. ஆகவே கடிதம்.

நூலகத்தில் ஒரு விசேஷம். எங்களிடம் உள்ள ஏழு ஏடுகள் உனக்குத் தெரியும். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் தோலில் எழுதிய குர்ஆன் பிரதி ஒன்றில் மிஞ்சியவை. புள்ளி இல்லை, உயிர்க்குறி இல்லை, நெட்டை அலிஃப் எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். இருபத்திரண்டு வருடமாக அவற்றின் கிழிசலை ஒட்டுவதும் சுருக்கத்தை நீவுவதும்தான் என் உத்தியோகம். பார்வைக்கு அவை பழைய செருப்பின் அடித்தோல் மாதிரிதான் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிப் பேழை முன் ஒரு நிமிடம் மரியாதையாக நின்றுவிட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

இப்போது எட்டாவது ஏடு ஒன்று வந்திருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு புரவலர் வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்தார். எங்கள் ஏழாவது ஏடு எந்த வசனத்தில் முடிகிறதோ, அதற்கு அடுத்த வசனத்தில் இது தொடங்குகிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால், புழு துளைத்த ஒன்பது துளைகளும் நேருக்கு நேர் பொருந்துகின்றன. தோலின் வயதைச் சோதித்தார்கள். அதுவும் பொருந்துகிறது. மை, பழைய முறைப்படி மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்துக் காய்ச்சியது. எங்கள் இயக்குநர் பூதக்கண்ணாடி இல்லாமல் சாப்பாட்டுக்குக்கூடப் போகமாட்டார், அதனால் அவருக்குப் பெயரும் அதுவே. அவர் வந்து என் மேசையைத் தட்டி, "காணாமப் போன பிள்ளை வீடு திரும்பிடுச்சும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. பூதக்கண்ணாடி வழியே பார்த்ததால் கூடுதலாகக் கலங்கியதுபோல் தெரிந்திருக்கலாம்.

ஜூலையில் கண்காட்சி. அதற்கு முன் 'இது உண்மையான ஏடு' என்ற ஆய்வுக் குறிப்பில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். இயக்குநர் போட்டுவிட்டார், ரசாயனக்காரர் போட்டுவிட்டார். மூன்றாவது நான்.

நீ எழுத்தணி தெரிந்தவன். இப்படிச் சாய்ந்த எழுத்துக்கு நாணல் பேனாவின் முனையை எப்படிச் சீவியிருப்பார்கள் என்று எழுது. படம் இணைத்திருக்கிறேன்.

நான் உன் கல்யாணத்துக்குக் கொடுத்த பொருள் பத்திரமாக இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

துஆவுடன்,
அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் ஏணியும். வீட்டுக்காரி, அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போயிருக்கிறாள். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வைத்தியரிடம் போனால் அவர் இன்னொரு முழங்காலையும் கேட்பார்.

பதில் தாமதம். செருப்புக் கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு எழுத்து நேராக நின்றது பிடிக்கவில்லை.

"எழுத்து கொஞ்சம் ஆடணும்யா. பார்க்கிறவன் கால் தானா உள்ள வரணும்."

"இதுக்கு மேல ஆடினா 'செருப்பு' 'சிரிப்பு'ன்னு ஆயிடும் முதலாளி."

"ஆகட்டுமே. சிரிச்சுக்கிட்டே வாங்குவான்."

ஆடவிட்டேன். இப்போது தெருவே நின்று சிரிக்கிறது. யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. அரபி எழுத்து வேலை என்றால் கல்லறைக் கல் மட்டும்தான் வருகிறது. அதில் ஒரு நிம்மதி, சம்பந்தப்பட்டவர் வந்து குறை சொல்வதில்லை.

நீ கேட்ட விஷயம். முனையை நேராக வெட்டாமல் லேசாகச் சரித்து வெட்டியிருப்பார்கள். நடுவில் கீறும் பிளவு நீளமாக இருந்திருக்கும். அலிஃபை மேலிருந்து ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார்கள், அடியில் வலப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி விழுந்திருக்கிறது பார். பேனாவை நிறுத்தினால் அது வராது. கையை எடுக்கிற வேகத்தில் தானாக வர வேண்டும்.

அந்த எழுத்தைப் பற்றி உங்கள் பூதக்கண்ணாடி என்ன சொன்னார் என்று நீ எழுதவேயில்லை. வார்த்தைக்கு வார்த்தை எழுது. தொழில் ஆர்வம், வேறொன்றுமில்லை.

கல்யாணப் பரிசு பத்திரமா என்று கேட்டிருந்தாய். மிகவும் பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது.

வஸ்ஸலாம்,
தம்பி

*

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு, ஸலாம்.

நான் நலம். உன் மாமியாருக்கு என்ன உடம்புக்கு? உன் வீட்டுக்காரி எப்போது திரும்புவாள்? நீ எழுதவில்லை.

இயக்குநர் சொன்னதைக் கேட்டிருந்தாய். நேற்று ஏட்டை வெளிச்ச மேசையில் வைத்து என்னைக் கூப்பிட்டார். "இந்தக் கைக்குப் பயமே இல்லைம்மா. அலிஃபை இழுத்துட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கலை பாருங்க. இந்தக் காலத்து ஆளுங்க ஒரு கோடு போட்டுட்டு நாலு தடவை தடவிக் கொடுப்பாங்க. இது நபித்தோழர்களைக் கண்ணால பார்த்த தலைமுறையோட கை. இனிமே இப்படி ஒரு கை பிறக்காது." வார்த்தைக்கு வார்த்தை இவ்வளவுதான்.

இன்னொன்று. ஒன்பதாம் வரியில் ஒரு பிழை இருக்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான சூராவில் ஓர் ஊரைக் காட்டி, 'விரும்பிய இடத்தில் தாராளமாகப் புசியுங்கள்' என்று வரும். ஏழாம் சூராவில் அதே செய்தி வரும்போது 'தாராளமாக' கிடையாது. மனப்பாடம் செய்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் வழுக்கி, 'ரகதன்' என்ற அந்தச் சொல்லை ஏழாம் சூராவிலும் சேர்த்துவிடுவார்கள். நம் எழுத்தரும் வழுக்கியிருக்கிறார். வழுக்கிய உடனே தெரிந்துகொண்டு, அந்தச் சொல்லின் தலைக்கு மேல் மூன்று புள்ளி வைத்திருக்கிறார், கீழே இரண்டு, மேலே ஒன்று.

இப்படி ஒரு திருத்தக் குறியை இதுவரை பார்த்ததே இல்லை என்று இயக்குநர் நாற்பது பக்கத்தில் கட்டுரை எழுதுகிறார். "போலி செய்றவன் தப்பு விடமாட்டான்மா. தப்பு விட்டு, அதை ஒத்துக்கிட்டவன் நிச்சயமா உண்மையான ஆளு."

எனக்கு நம்மைப் பெற்ற அத்தா ஞாபகம் வந்தது. அச்சகத்தில் பிழை திருத்தும்போது, நீக்க வேண்டிய சொல்லின் தலையில் அவர் இப்படித்தான் மூன்று புள்ளி வைப்பார். நாம் அதை முக்காலி என்போம். "சுரண்டாதீங்க, தாள் கிழியும். முக்காலி போட்டு உட்கார வைங்க, படிக்கிறவன் தாண்டிப் போயிடுவான்" என்பார். உலகத்தில் வேறு எந்த அச்சகத்திலும் அந்தக் குறி கிடையாது. அச்சுக்கோக்கிறவர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் மூன்று புள்ளியையும் சேர்த்தே அச்சடித்துவிட்டு அவரைத் திட்டுவார்கள். வீட்டில் நீ ஓதிக்கொண்டு வரும்போது ஏழாம் சூராவில் அந்த இடம் வந்தால், அத்தா கண்ணைத் திறக்காமலே மூன்று விரலைத் தூக்குவார். ஒரு நாள்கூட அவர் தூக்காமல் நீ தாண்டியதில்லை.

சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

விளக்கும் ஈரக்கட்டுப்பாடும் உள்ள பேழை எங்களிடம் ஒன்றுதான். எட்டாவது ஏட்டை மட்டும் தனியாக அதில் வைக்கப்போகிறார்கள், ஏழும் அடித்தளக் கிடங்குக்குப் போகும். அங்கே தண்ணீர்க் குழாய் வருடம் முழுக்க வியர்க்கும். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். தினமும் பார்க்கிறேன்.

அக்கா

*

மார்ச் 12

பாசமுள்ள அக்காவுக்கு, ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். 'இனிமே இப்படி ஒரு கை பிறக்காது.' அவர் இதைச் சொல்லும்போது உட்கார்ந்திருந்தாரா, நின்றுகொண்டிருந்தாரா? பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள்? கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதி அனுப்பு. நாற்பது பக்கத்தையும் அனுப்பு, சுருக்கம் வேண்டாம்.

உன்னிடம் ஒன்று சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் நூலகம் எழுத்தணிப் போட்டி வைத்தது அல்லவா? நானும் ஒன்று அனுப்பினேன். நடுவர் உங்கள் பூதக்கண்ணாடிதான். ஒரே வரியில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்: "உழைப்பு தெரிகிறது. உயிர் தெரியவில்லை." பெயின்ட் டப்பா அலமாரிக்கு மேலே ஆணியடித்து வைத்திருக்கிறேன். தினமும் டப்பா எடுக்கும்போது படித்துவிடுவேன். இன்று கழற்றிவிட்டேன்.

முக்காலி எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

சந்தோஷத்துடன்,
தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு.

நான் நலம் என்று எழுதும் மனநிலையில் இல்லை. ஏழு ஏட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருவரும் சுற்றிச் சுற்றி எழுதுகிறோம். தபால்காரருக்காவது இரக்கம் காட்டுவோம். நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த ஏழு ஏடுகளும் ஒரு பழைய அட்டைக்குள் சேர்த்துத் தைத்திருந்தன. கடைசியில், அட்டைக்குக் காவலாக, எழுதாத தோல் ஏடு ஒன்று இருந்தது. தையலைப் பிரிக்கும்போது அது என் கையில் தனியாக வந்தது. நான்தான் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தேன். வெற்று ஏட்டை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று இயக்குநரிடம் கேட்டேன். "எழுதாததை எல்லாம் அட்டவணையில சேர்த்தா அப்புறம் சுவரையும் சேர்க்கணும்" என்றார். அடுத்த வாரம் உன் கல்யாணம். சாப்பாட்டுப் பையில் வைத்து வெளியே கொண்டுவந்தேன். மெல்லிய தாளில் சுற்றி, மேலே எழுதினேன்: 'ஏழாவது ஏடு இந்த வசனத்தோடு நிற்கிறது. மிச்சத்தை நீ எழுது.'

உன்னைச் சந்தோஷப்படுத்த எழுதிய வரி அது. திருட்டு என்று எனக்கு அப்போதும் தெரியும்.

ஜனவரியில் அந்த ஏட்டை என் மேசையில் வைத்தபோது எழுத்தைப் பார்க்கும் முன்பே துளைகளைப் பார்த்தேன். அந்தத் துளைகளை எண்ணியவள் நான். அதன் பிறகு ஒன்பதாம் வரிக்குப் போனேன். உட்கார நாற்காலி தேடினேன்.

இனி நீ சொல். எப்படி அது என் மேசைக்குத் திரும்பி வந்தது?

அக்கா

*

ஏப்ரல் 29

தம்பிக்கு, ஸலாம்.

பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? தச்சர் வந்து பேழையை அளந்துவிட்டுப் போனார். ஏழு ஏட்டுக்கும் நேற்று கள்ளிப்பெட்டி வந்தது. தக்காளி ஏற்றி வந்த பெட்டி. ஓரத்தில் 'சீக்கிரம் அழுகும்' என்று அச்சடித்திருக்கிறது. முதன்முறையாக இந்த நூலகத்தில் ஒரு சரியான குறிப்பைப் பார்த்தேன்.

எழுது.

அக்கா

*

மே 9

அக்கா,

நான் எழுதியதுதான்.

நீ 'மிச்சத்தை எழுது' என்றாய். கல்யாணமாகி முதல் வருடம், மழைக்காலத்தில் பலகை வேலை இல்லாதபோது எழுதினேன். மாசிக்காயை இடித்து நானே மை காய்ச்சினேன். யாரையும் ஏமாற்ற எழுதவில்லை அக்கா. அந்தத் தோலைத் தொட்டபோது, அதற்கு வேறு மாதிரி எழுதினால் உறுத்தும் போலிருந்தது. நீ அனுப்பியிருந்த ஏழாவது ஏட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்த இடத்தில் எடுத்தேன்.

ஒன்பதாம் வரியில் வழக்கம்போல வழுக்கினேன். விரலைத் தூக்க அத்தா இல்லை. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். சுரண்டிப் பார்த்தேன், மை தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அல்லாஹ்வின் வாசகத்தில் ஒரு சொல்லைக் கூட்டிவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? முக்காலி போட்டேன். அப்படியே விட்டிருந்தால் யாரோ ஒரு எழுத்தரின் பிழை என்று போயிருக்கும், உனக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. அது முடியவில்லை.

பத்து வருடம் சுவரில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாம், "சுவர்ல ஓதம் ஏறுது போல, பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். போன வருடம் பழம்பொருள் வியாபாரி ஏணி இரவல் கேட்க வந்தார். ஏட்டைப் பார்த்தவர் ஏணியை மறந்துவிட்டார்.

"எழுத்துன்னா இதுய்யா! எந்தக் காலத்துது?"

நான் சிரித்தேன்.

அக்கா, நான் சொன்ன பொய் அவ்வளவுதான். வாயைத் திறக்கவே இல்லை. அவர் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு ஆயிரத்து முந்நூறு வருடம் பின்னால் போய்விட்டார். ஒரு கட்டு நல்ல நாணல் கொடுத்தார், ஏட்டைக் கொடுத்தேன். என் கையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

வீட்டுக்காரி பக்கத்தில்தான் இருந்தாள். "உங்க அக்காவுக்கு இன்னிக்கே எழுதுங்க" என்றாள். எழுதவில்லை. பத்திரிகையில் ஏட்டின் படம் வந்த அன்று பெட்டியைக் கட்டினாள். "உங்க சிரிப்போட நீங்களே குடும்பம் நடத்துங்க" என்றாள். அவள் அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

வருகிற மாதம் நேரில் வந்து இயக்குநரிடம் சொல்லிவிடுகிறேன். தோல் எங்கே கிடைத்தது என்றால் பழைய தாள் கடையில் என்று சொல்வேன். நீ வாயைத் திறக்காதே. ஏழும் பேழையிலேயே இருக்கட்டும்.

தம்பி

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம்.

நலமாக வந்து சேர்ந்தேன். அந்த அறைக்குள் உன்னை விடவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன். வாசலில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் பூதக்கண்ணாடியும் இரண்டு நிபுணர்களும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். இயக்குநர் என் பழைய போட்டித் தாளின் பதிவை எடுத்துப் பார்த்தார்.

"உங்க பிரச்சினை புரியுது தம்பி. நீங்க அந்த ஏட்டைப் பார்த்துட்டீங்க. பார்த்த பிறகு நாமதான் எழுதினோம்னு தோணும். நல்ல எழுத்தைப் பார்த்தா எனக்குக்கூடத் தோணும்."

"எழுதிக் காட்டுறேன் சார்."

தோலும் மையும் கொடுத்தார்கள். என் நாணலை நானே சீவினேன். அதே பக்கம், அதே வசனங்கள். கை நடுங்கவில்லை அக்கா, உன் மேல் ஆணை. ஒன்பதாம் வரி வந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எச்சரிக்கையில், வாழ்க்கையில் முதல் தடவையாக வழுக்காமல் தாண்டினேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார்கள். தீர்ப்பு இது: மூலத்தை எழுதியவர் ஒன்பதாம் வரியில் தவறினார், இவர் தவறவில்லை, ஆகவே இவர் அவர் இல்லை. இரண்டாவது, எழுத்து பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அது நகல் என்பதற்கு அடையாளம். மூன்றாவது, மூலத்தில் உள்ள பயமின்மை இதில் இல்லை.

"தப்போட எழுதணுமா சார்? எழுதுறேன்" என்றேன்.

"இப்ப எழுதினா அது வேணும்னே பண்ற தப்பு. அது கணக்கில் வராது" என்றார் ஒரு நிபுணர்.

கிளம்பும்போது இயக்குநர் தோளில் கைபோட்டு ஒரு வேலை கொடுக்க முன்வந்தார். கண்காட்சிக் கடையில் வைக்க, மாதம் நாற்பது நகல். "நீங்க அப்படியே போடுறீங்க. ஆனா அந்தக் கூடுதல் சொல்லும் மூணு புள்ளியும் கட்டாயம் வேணும். ஜனங்க அதைத்தான் கேட்பாங்க."

தெரியாமல் ஒரு தடவை கூட்டியதற்கே முக்காலி போட்டவன் நான். தெரிந்தே மாதம் நாற்பது தடவை கூட்ட மாட்டேன் என்றேன். "தன்மானம் உள்ள நகல்காரர்" என்று மற்ற இருவரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் கையைவிட என் கை மட்டம் என்று மூன்று பேர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தம்பி

*

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு, ஸலாம்.

நீ வண்டி ஏறிய மறுநாள் நான் இயக்குநர் அறைக்குப் போனேன். நீ சொல்ல வேண்டாம் என்றதைச் சொன்னேன். வெற்று ஏட்டை எடுத்தது நான், தம்பிக்குக் கொடுத்தது நான் என்று.

அவர் அட்டவணையைத் திறந்தார்.

"இதுல ஏழுதான் இருக்கு. இல்லாத ஏட்டை எப்படிம்மா எடுக்க முடியும்?"

"நான் எடுத்ததாலதான் சார் அதுல இல்லை."

"அட்டவணை போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நீங்க ஒரு தப்புப் பதிவு போட்டதில்லைம்மா. நான் உங்க எழுத்தை நம்புறதா, உங்களை நம்புறதா?"

எனக்கு ஓய்வு தேவை என்று முடிவானது. தம்பி மேல் உள்ள பாசம் மூளையைப் பாதித்திருக்கிறதாம். ஆய்வுக் குறிப்பில் நான் கையெழுத்துப் போடவில்லை. பைண்டிங் பிரிவுத் தலைவர் போட்டார். அவருக்கு அரபி தெரியாது என்பதால் நடுநிலை தவறமாட்டார் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஏழும் கீழே போய்விட்டன. பெட்டிகளோடு என்னையும் அடித்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். எலும்புக் கத்தி, பசைக் கிண்ணம், ஒரு மேசை விளக்கு. மேலே குழாய் வியர்க்கிறது. என் குடையை விரித்துப் பெட்டிகளுக்கு மேல் கட்டியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ போய் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். பதில் வரவில்லை.

சாப்பிடுகிறாயா?

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஸலாம்.

நீ பதில் போடாமல் இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்தனவா? தொலைபேசியிலும் நீ இல்லை.

இந்தத் தாளின் தலைப்பைப் பார். கண்காட்சி பெரிய வெற்றி. அந்த மூன்று புள்ளியை நூலகத்தின் சின்னமாக்கிவிட்டார்கள். வாசல் கதவில், சீருடையில், கடிதத்தாளில் எல்லாம் நூலகத்தின் பெயருக்கு நேர் மேலே முக்காலி. அத்தா பார்த்திருந்தால், சரி, நீக்கிவிடலாம் என்று பேனாவை மூடியிருப்பார்.

நேற்று கூட்டம் குறைந்த பிறகு மேலே போய் நின்றேன். ஒரு பெரியம்மா பேழையின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "எழுதின மகராசன் கை நல்லா இருக்கணும்" என்றார். ஆமீன் என்றேன். அதையாவது உனக்குச் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

கீழே நிலைமை நன்றாக இல்லை. நான்காவது ஏட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஆறாவதில் மை உதிர்கிறது. தூரிகையால் தொட்டால் ஓர் எழுத்தே தூரிகையோடு வந்துவிடுகிறது. உதிர்ந்ததை ஒரு சின்னக் குப்பியில் சேர்த்து வைக்கிறேன். எந்தச் சொல்லின் தூள் எது என்று எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நாளைக்கு.

நான் நலம். நீ நலமா என்று கேட்கிறேன், ஒரு வரியாவது போடு.

அக்கா

*

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கத்துக்குரிய உங்கள் கடிதங்கள் அனைத்தும் கிடைக்கப்பெற்றேன். இக்கடிதம் கணினி மையத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. மையத்தின் மாதிரிக் கடிதத்தைத்தான் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம், ஆகவே மரியாதை கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பலகை வேலையை விட்டுவிட்டேன். இப்போது எல்லாரும் பிளக்ஸ் அச்சடித்துக்கொள்கிறார்கள். கல்லறைக் கல் ஒன்று வந்தது. இறந்தவரின் மகன், "நூலகத்துல இருக்கே, அந்த எழுத்து மாதிரி வேணும், வருமா?" என்று கேட்டார். எழுதினேன். பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட வந்திருக்கு" என்றார். அதன் பிறகு பேனா எடுக்கவில்லை. நாணலை எல்லாம் பக்கத்து வீட்டு அவரைக் கொடிக்குப் பந்தல் போடக் கொடுத்துவிட்டேன். கொடி நன்றாக ஏறியிருக்கிறது.

வீட்டுக்காரி வந்து அவள் தையல் இயந்திரத்தை எடுத்துச் சென்றாள். ஏணியையும் விற்றுவிட்டேன்.

அந்தப் பெரியம்மாவுக்கு என் ஸலாம் சொல்லவும்.

மற்றபடி இங்கு நான் நலம்∴.

தம்பி

*

அக்டோபர் 8

தம்பிக்கு.

கடிதம் முழுக்க அச்சு. ஒரே ஒரு சொல்லின் தலைக்கு மேல் மட்டும் உன் கை, நீல மையில். கீழே இரண்டு, மேலே ஒன்று.

அத்தா சொன்னபடி அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்தேன். 'மற்றபடி இங்கு நான்' என்பது மட்டும் மிஞ்சுகிறது.

வெள்ளிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளாதே.

அக்கா